சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள், இலைத் திருட்டுக்கு ஏன் எஃப்ஐஆர் போடவில்லை?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார்: ஐபிசி என்ற பழைய தண்டனைச் சட்டம் போய் பிஎன்எஸ் என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது, அது போதாதென்று தமிழ்நாடு அரசும் தண்டனைகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. 2023 பொங்கல் சமயத்தில் எல்லைக்கல் தகராறில் என் அப்பா மேல் போட்ட அடிதடி வழக்கு புதுச் சட்டத்துக்கு மாறிவிடுமா? போன மாதம் தோட்டத்தில் இரண்டு மூட்டை இலை திருடு போனது. ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடாமல், புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதுவும் புதுச் சட்டத்தின் வேலையா? இலை பறித்துப் பிழைக்கிற எங்களுக்கு இனி என்னதான் மாறப்போகிறது?

கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். செய்தித்தாளில் வருவது தண்டனைக் கணக்கு: பத்து வருஷம் பதினான்கு ஆனது, ஆயுள் தண்டனை வந்தது என்று. அது குற்றவாளிக்கும் அவருடைய வக்கீலுக்கும் வேண்டிய கணக்கு. இவர் கேட்பது, ஒரு புகாரோடோ ஒரு சம்மனோடோ ஸ்டேஷன் படியேறுகிற ஆளுக்கு என்ன மாறியிருக்கிறது என்று. நான் நீலகிரி நீதிமன்றங்களில் பல வருஷமாகக் குற்றவியல் வழக்கு நடத்துகிறவன். ஸ்டேஷன் மட்டத்திலும் மாஜிஸ்திரேட் கோர்ட் மட்டத்திலும் நடப்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உயர் நீதிமன்றத்தில் இன்னும் வாதத்தில் இருக்கிற விஷயங்களை அப்படியே வாதம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா வழக்கின் தாள்களை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அப்பா. தண்டனை விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. சம்பவம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டனை. பின்னால் வந்த கூடுதல் தண்டனையை முன்னால் நடந்த காரியத்துக்குப் போட முடியாது. அரசியலமைப்பின் 20(1) பிரிவிலேயே இது இருக்கிறது, மத்திய அரசு நினைத்தாலும் மாநில அரசு நினைத்தாலும் மீற முடியாது. தண்டனைச் சட்டமான பிஎன்எஸ், நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏ மூன்றும் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. உங்கள் அப்பா விவகாரம் அதற்கு ஒன்றரை வருஷம் முந்தியது. அடிதடி என்றால் நம் ஸ்டேஷன்களில் வழக்கமாக விழுகிற மூன்று பிரிவு 294(பி), 323, 506(1): கெட்ட வார்த்தை பேசியது, கையால் அடித்தது, மிரட்டியது. புதுச் சட்டத்தில் அவையே 296(பி), 115(2), 351(2) என்று வருகின்றன. சிறைக்காலம் கூடவில்லை. ஆனால் கையால் அடித்ததற்கு அபராத உச்சம் 1,000 ரூபாயாக இருந்தது இப்போது 10,000 ரூபாய். அப்பாவுக்குப் பழைய 1,000-தான். 2024 ஜூலை 1 அன்று விசாரணை நிலுவையில் இருந்த வழக்கு, பழைய நடைமுறைச் சட்டமான 1973-ம் வருஷத்து சிஆர்பிசிப்படியே ஓடி முடியும். யாராவது 'புதுச் சட்டத்துக்கு மாற்றிவிடுவோம்' என்று பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அவருடைய வழக்கில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டதா? இந்தப் பிரிவுகளில் பெரியது 506(1). அதற்கு உச்ச தண்டனை 2 வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல் 3 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் எடுத்துக்கொள்வதற்குக் காலவரம்பு 3 வருஷம். அந்த 3 வருஷத்தை எந்தத் தேதியில் முடிப்பது, எஃப்ஐஆர் போட்டதே போதுமா, இறுதி அறிக்கை கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டுமா என்பதில் வாதம் உண்டு. குற்றப்பத்திரிகை வராமலே கிடந்தால் உங்கள் வக்கீலிடம் இதை நிச்சயம் எழுப்பச் சொல்லுங்கள். இரண்டு, ராஜி. எல்லைக்கல் சண்டை பெரும்பாலும் பங்காளிகளுக்குள் வருவது, இரண்டு தீபாவளி போனால் கோபம் ஆறிவிடும். 323-ஐயும் 506(1)-ஐயும் மாஜிஸ்திரேட் முன்னாலேயே ராஜி பண்ணிக்கொள்ளலாம். ஆனால் 294(பி) ராஜிக்கு உட்பட்டதல்ல. கெட்ட வார்த்தைக்கு ராஜி கிடையாது, அடிக்கு உண்டு என்பதைக் கேட்டுச் சிரிக்காத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு பிரிவுக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட வேண்டி வரும். நீலகிரிக்கு அது சென்னை. கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை.

சம்பவம் 2024 ஜூலைக்கு முன்பு, எஃப்ஐஆர் அதற்குப் பின்பு என்று இருக்கிற வழக்குகளில் குற்றப்பிரிவு ஐபிசியாகவும், நடைமுறை பிஎன்எஸ்எஸ் ஆகவும் இருக்கும் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. மேல்முறையீடு, முன்ஜாமீன் போன்றவற்றில் ஒவ்வொரு மாநில உயர் நீதிமன்றமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது இலைத் திருட்டு. நீங்கள் கேட்டதிலேயே கனமான கேள்வி இதுதான், இதைப் பற்றி யாரும் எழுதவும் காணோம். பதில்: ஆமாம், இது புதுச் சட்டத்தின் வேலைதான். பழைய 379-ல் நூறு ரூபாய்த் திருட்டானாலும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். புதிய 303(2)-ல் ஒரு வாசல் திறந்திருக்கிறார்கள். திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள், செய்தவர் முதல்முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சிறை கிடையாது, சமூக சேவை மட்டும்தான் தண்டனை. பசிக்குத் திருடியவனைச் சிறையில் தள்ள வேண்டாம் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அதோடு சேர்த்து, நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டைப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாத குற்றம் என்று போட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட குற்றத்தில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரணையைத் தொடங்க முடியாது. அதனால்தான் சிஎஸ்ஆர்.

நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 5,000 ரூபாய்க்கு 250 கிலோ இலை போக வேண்டும். மூட்டைக்கு 50 கிலோ என்றால் ஐந்து மூட்டை. இரண்டு ஏக்கர்க்காரரின் தோட்டத்தில் ஒரே ராத்திரியில் ஐந்து மூட்டை யார் பறிப்பார்கள்? ஆக, சிறு விவசாயிக்கு நடக்கிற இலைத் திருட்டு ஏறக்குறைய முழுவதும் இந்த வரம்புக்குள் விழுந்துவிடுகிறது. எஸ்டேட்டில் நடந்தால் எஃப்ஐஆர், ஹட்டியில் நடந்தால் சிஎஸ்ஆர் என்று ஆகிவிடுகிறது. கேரட் மூட்டைக்கும் பூண்டுக்கும் இதே கதைதான். பூண்டு விலை ஏறின நாளில் மட்டும் திருடன் 5,000-ஐத் தாண்டிவிடுவான்.

ஆனாலும் ஸ்டேஷனில் சொன்னதோடு முடிந்துவிடவில்லை. இங்கே என் கருத்தையும் சட்டத்தையும் பிரித்துச் சொல்கிறேன். சட்டம் தெளிவாகச் சொல்வது: ஒரே சம்பவத்தில் இரண்டு குற்றம் இருந்து, அதில் ஒன்றாவது போலீஸ் நேரடியாகப் பதியக்கூடியதாக இருந்தால், மொத்த வழக்கும் அப்படிப்பட்டதாகவே கருதப்படும். பிஎன்எஸ்எஸ் 174(4). திருடும் நோக்கத்தோடு அடுத்தவர் நிலத்துக்குள் நுழைவது குற்ற அத்துமீறல், பிஎன்எஸ் 329(3). தண்டனை சின்னதுதான், ஆனால் போலீஸ் நேரடியாகப் பதியலாம். உங்கள் புகாரில் 'இரண்டு மூட்டை இலை காணோம்' என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். வேலியைத் தாண்டி, அல்லது கம்பியை வெட்டி உள்ளே வந்தார்கள் என்பது உண்மையானால் அதையும் எழுதியிருக்க வேண்டும். இல்லாத வேலியை இருப்பதாக எழுதச் சொல்லவில்லை. பொய்ப்புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டுக்குள்ளோ, பொருள் வைக்கிற ஷெட்டுக்குள்ளோ புகுந்து எடுத்திருந்தால் கதையே வேறு. அது பிஎன்எஸ் 305, 7 வருஷம் வரை தண்டனை, மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது.

என் கருத்து என்று சொன்னது இது: திருடியவன் யார் என்றே தெரியாதபோது, அவன் முதல்முறை தண்டனை பெறுபவன் என்று ஸ்டேஷனுக்கு எப்படித் தெரியும்? சமூக சேவைச் சலுகை அந்த முதல்முறை ஆளுக்குத்தான். அட்டவணையிலும் அதற்குத் தண்டனை சமூக சேவை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகவே ஆள் தெரியாத திருட்டில் மதிப்பை மட்டும் பார்த்து எஃப்ஐஆரை மறுப்பது சரியல்ல என்பது என் வாதம். எதிர்வாதமும் பலமானதுதான், அட்டவணை அட்டவணைதான், அதிலுள்ள 5,000 தெளிவாக இருக்கிறது என்பார்கள். உயர் நீதிமன்றம் ஒரு வார்த்தை சொல்லும்வரை இது ஒவ்வொரு இன்ஸ்பெக்டர் கையிலும்தான்.

மதிப்பைக் காட்டுவதற்கும் ஒரு வழி வேண்டும். லீஃப் ஏஜென்ட் தினமும் கிலோ எழுதிக் கொடுக்கிற சின்ன ரசீதுப் புத்தகம் இருக்கிறதல்லவா, அதைத் தூக்கி எறியாதீர்கள். போன சுற்றில் அதே பகுதியில் எத்தனை கிலோ வந்தது, இந்தச் சுற்றில் எத்தனை குறைந்தது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மூன்று வாரத்தில் மூன்று தடவை திருட்டு நடந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிஎஸ்ஆர் வாங்கி வைத்திருப்பவரையும் பார்க்கிறேன். மூன்றையும் தேதி போட்டு ஒரே மனுவில் சேர்த்து எழுதினால், மதிப்பைக் கூட்ட முடியாவிட்டாலும், ஒரே கும்பல் திரும்பத் திரும்பச் செய்கிறது என்பது அதிகாரியின் கண்ணில் படும்.

மாநில அரசு தண்டனையைக் கூட்டுகிறது என்று சொன்னீர்களே, அதில் எது நம்மைத் தொடுகிறது என்று பார்ப்போம். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடலாம். மத்திய சட்டத்துக்கு முரணாக மாநிலம் ஒன்றை எழுதினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். மது, சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அங்கே கை தாராளமாக நீளும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், 'சட்டமன்றத்தில் நிறைவேறியது' என்ற செய்திக்கும் 'நடைமுறைக்கு வந்தது' என்பதற்கும் நடுவில் வருஷக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். ஆளுநர் ஒப்புதல் எத்தனை நாள் இழுக்கும் என்று தமிழ்நாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுச் சட்டங்களுக்கு மாநிலம் என்ன திருத்தம் செய்யலாம் என்று பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் 2024 ஜூலையில் குழு போட்டார்கள். 2025 ஜனவரியில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி மசோதாக்கள் நிறைவேறின. உங்கள் வழக்குக்கு அப்படி ஒரு சட்டம் பொருந்துகிறது என்று யாராவது சொன்னால், சம்பவத் தேதிக்கு முன்பே தமிழ்நாடு அரசிதழில் சட்டமாக வந்து அமலாகிவிட்டதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற படம் அரசிதழ் ஆகாது.

அந்த வரிசையில் 1998-ம் வருஷத்துப் பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் சரிகா ஷா இறந்த பிறகு வந்த மாநிலச் சட்டம் அது. 2025 திருத்தம் இணையவழித் தொல்லையையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆனால் நம் மினி பஸ் கண்டக்டர்களுக்குத் தெரியாத விஷயம் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண் தொல்லை என்று புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இது அவர்கள் மேல் சட்டம் சுமத்திய கடமை. 'அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போம்மா' என்று சொல்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

மதுவில் மாநிலத்தின் கை எவ்வளவு நீளம் என்பதைக் கள்ளக்குறிச்சி காட்டியது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிர்ப்பலி ஏற்பட்டால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். சாராயம் காய்ச்சாதவருக்கு இதனால் ஒன்றுமில்லை என்று நினைப்பீர்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாடுகாணி, பாட்டவயல், கக்கநல்லா வழியாக வருகிறவர்கள் விசேஷ வீட்டுக்கு என்று வெளிமாநில பாட்டில்களை டிக்கியில் போட்டு வருவது சாதாரணமாக நடக்கிறது. அது அந்த மாநிலத்தில் காசு கொடுத்து வாங்கியதானாலும் இங்கே மதுவிலக்கு வழக்காகலாம். பாட்டிலைவிடப் பெரிய நஷ்டம் வண்டி. பறிமுதல் நடவடிக்கைக்குப் போய்விட்டால் அதை மீட்க அலைகிற அலைச்சல் தனி. வாடகை ஜீப் ஓட்டுகிறவர்கள், பயணி பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுவது நல்லது.

எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய மாற்றம் கடன் வசூல் விஷயத்தில் வந்திருக்கிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே மாநிலச் சட்டம் உண்டு. தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாம் அதில் வரும். ஆனால் குழுக்கடன் கொடுக்கிற நிறுவனத்தின் ஆள் காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துவதை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாமல் திணறினோம். வட்டி விகிதம் தாளில் சரியாக இருக்கும். வசூலிக்கிற விதம்தான் கொடுமை. 2025-ல் வந்த சட்டம் அந்த விதத்தையே குற்றமாக்குகிறது: மிரட்டுவது, பின்தொடர்வது, வசைபாடுவது, ரேஷன் கார்டு போன்ற ஆவணங்களையும் பொருட்களையும் பிடுங்கிக்கொண்டு போவது. 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடன் ரத்தாகாது, அதை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வந்தவர் பெயர், நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைத்தால் புகார் நிற்கும்.

வண்டி ஓட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அஜாக்கிரதையால் மரணம் என்பது பழைய 304ஏ-யில் 2 வருஷம் வரை. புதிய 106(1)-ல் 5 வருஷம் வரை. ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகவே இருக்கிறது. விபத்து நடந்து போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடிப்போனால் 10 வருஷம் என்று ஒரு உட்பிரிவு எழுதினார்கள், லாரி ஓட்டுநர்கள் நாடு முழுக்க வண்டியை நிறுத்திப் போராடினார்கள், அந்த 106(2)-ஐ மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்து மற்றவற்றை அமலாக்கினார்கள். ஆகவே பர்லியாறு வளைவிலோ கல்லட்டி இறக்கத்திலோ ஒன்று நடந்துவிட்டால் பத்து வருஷம் என்று பயந்து ஓட வேண்டியதில்லை. ஓடினால் வழக்கு கெட்டுப்போகும், அடிபட்டவர் உயிரும் போகும்.

தண்டனையைவிட வயதானவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் மலையில் பிள்ளைகள் கோயம்புத்தூர், பெங்களூரு என்று போய்விட, வீட்டில் அறுபது தாண்டியவர்கள்தான் இருக்கிறார்கள். 3 வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் தளர்ந்தவரையோ டிஎஸ்பி மட்டத்துக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி இல்லாமல் கைது செய்யக்கூடாது. சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி 60 தாண்டிய ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும், கடும் நோய் உள்ளவரையும் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஆண்களுக்கு இந்த வயது முன்பு 65. 'சும்மா வந்துட்டுப் போங்க பெரியவரே' என்று போன் வந்தால், 'வீட்டிலே இருக்கேன், வாங்க சார்' என்று மரியாதையாகச் சொல்லும் உரிமை உங்கள் அப்பாவுக்கும் இருக்கிறது, 60 ஆகிவிட்டதென்றால்.

இன்னொன்று, எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் நகை போனதற்குக் கோத்தகிரியிலேயே எஃப்ஐஆர் பதிந்து அங்கே அனுப்ப வேண்டும். 'அது எங்க லிமிட் இல்லை' என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இனி இடமில்லை. ஸ்டேஷனில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். சோதனை போடும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டது. சிக்னலே இல்லாத ஊர்களில் அது எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி மகஜர் (சோதனைக் குறிப்பு) சாட்சிகளிடம் குறுக்கு விசாரணை செய்வது எங்களுக்குப் புது வேலை.

காட்டுப்பன்றிக்காகக் கம்பியில் கரண்ட் விடுகிறவர்களுக்கு: வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது எந்தச் சட்டத்திலும் மன்னிப்பில்லாதது. யானை செத்தால் வனவுயிர்ச் சட்டத்தில் 3 முதல் 7 வருஷம். 2022 திருத்தம் அபராதத்தின் குறைந்தபட்சத்தை 25,000 ஆக்கிவிட்டது. மனிதர் இறந்தால் பிஎன்எஸ் 105, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல். சோலார் வேலிக்கும் 2023 மாநில விதிகளின்படி பதிவு வேண்டும். பன்றியைச் சுடலாமென்று அரசு சொல்லிவிட்டதாக ஒரு பேச்சு உலவுகிறது. சுடுவது வனத்துறை, அதுவும் காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்ததை. விவசாயிக்கு அந்த அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

யாரும் கேட்கத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தற்கொலை முயற்சி பழைய 309-ல் குற்றமாக இருந்தது. புதுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஒரு அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கவோ, நிர்ப்பந்திக்கவோ அப்படி முயன்றால் மட்டும் 226 வரும். மருந்து குடித்தவரை கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, ஆஸ்பத்திரியில் தவறாக ஏதோ சாப்பிட்டுவிட்டார் என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், மருத்துவம் சரியாக நடக்கும்.

இனி உங்கள் இலைக்கு வருவோம். சிஎஸ்ஆர் ரசீதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலி உண்மையில் தாண்டப்பட்டிருந்தால் அதையும், லீஃப் ரசீதுகளின் நகலையும் சேர்த்து, குற்ற அத்துமீறல், திருட்டு இரண்டையும் குறிப்பிட்டு அதே ஸ்டேஷனில் கூடுதல் மனு ஒன்று கொடுங்கள். பதியக்கூடிய குற்றமாக இருந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது. மறுத்தால் அதே மனுவை ஊட்டியிலுள்ள எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிஎன்எஸ்எஸ் 173(4) அதற்குத்தான். தபால் ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் கோத்தகிரி மாஜிஸ்திரேட்டிடம் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனுப் போடலாம். எஃப்ஐஆர் ஆகிவிட்டால் 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், போனில் செய்தியாக வந்தாலும் சரிதான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100-ல் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது, ஆகவே நிலம் உங்கள் அம்மா பெயரில் இருந்தால் மனுவை அவர் பெயரிலேயே போடுங்கள்.